ஆற்றங்கரையில் பச்சையாக நின்ற செடி

அக்கா,

நேற்று அனகாபுத்தூர் பாலத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியே அந்தப் பூவைப் பார்த்தேன். வெளிர் ஊதா நிறம், புனல் மாதிரி விரிந்த வாய். கரை முழுக்கப் பூத்திருந்தது. பக்கத்தில் இருந்த பெண், "எவ்ளோ அழகா கீது பாரு" என்றாள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

மழை பொய்த்து, தண்ணீர் லாரிக்காகத் தெருவெல்லாம் குடம் வரிசை வைத்த கோடை அது. உன் பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்த புதிது. புருஷன் போன பிறகு உனக்கென்று இருந்தது அந்தச் செம்மறி மந்தை ஒன்றுதான். காலையில் ஆற்றுப் பக்கம் ஓட்டிவிடுவாய். சாயங்காலம் தானாக வீடு திரும்பும்.

முதலில் மாறியது எப்போதும் முன்னால் நடக்கும் பெரிய ஆடு. வாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை, இல்லை என்பதுபோலத் தலை மட்டும் ஆடியது. உன் குரல் கேட்டால் ஓடிவருகிற ஆடு, நீ கூப்பிட்டும் திரும்பவில்லை. அடுத்தடுத்து மற்றவையும் அப்படியே ஆயின. கால்கள் பின்ன நடந்தன. கண்ணில் ஈ மொய்த்தாலும் இமைக்கவில்லை.

"அதுங்க நம்மள பாக்கலடி. நமக்குப் பின்னால எதையோ பாத்துகினு கீதுங்க" என்றாய். இருவரும் திரும்பிப் பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை.

செய்வினை என்றது தெரு. தர்காவில் மந்திரித்த கயிற்றை வாங்கிவந்து கட்டினாய். அதற்கப்புறமும் ஆடுகள் விழுந்து செத்தன. மாட்டாஸ்பத்திரி டாக்டர் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஊசி இல்லம்மா. எதை மேயுதுன்னு கூடவே போய்ப் பாருங்க" என்றார்.

"மேய இன்னா சார் கீது? எல்லாம் காஞ்சிப் பூடுச்சே" என்றாய்.

மறுநாள் மந்தைக்குப் பின்னாலேயே போனோம். கரை வெடித்துக் கிடந்தது. தண்ணீர் ஓரத்தில், அந்த ஊதாப் பூப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும் பச்சையாக நின்றது. விஷச் செடி, ஆடு அதில் வாய் வைக்காது என்றுதான் நாம் நம்பியிருந்தோம். பசிக்கு ஒருமுறை கடித்திருக்கும், ருசி பிடித்துவிட்டது. வழியில் நீ வாங்கிப் போட்ட அகத்திக்கீரையை மிதித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் புதரை நோக்கிப் போயின. ஒன்றுகூடக் கத்தவில்லை.

"இதான்டி பேயி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ சேற்றில் இறங்கினாய்.

வெட்டினோம். வெட்டிப் போட்ட தண்டுகள் ஈரத்தில் விழுந்த இடத்திலேயே துளிர்த்தன. அதன் பிறகு வேரோடு பிடுங்கி, மேட்டில் போட்டு வெயிலில் காயவைத்தோம். மந்தையை வீட்டிலேயே கட்டிப்போட்டு, தாம்பரம் மார்க்கெட்டில் கழித்த கோஸ் இலைகளை மூட்டையாக பஸ்ஸில் கொண்டுவந்தோம். கண்டக்டர் திட்டினால், "வாயில்லா ஜீவன் பட்டினி கீதுப்பா" என்பாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெரும்பாலான ஆடுகள் தேறின. பெரிய ஆட்டுக்கு மட்டும் தலையாட்டம் நிற்கவேயில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தது. தினமும் பொழுது சாயும்போது கயிறு விறைக்க ஆற்றுப் பக்கம் இழுக்கும். அங்கே செடியே இல்லை. "உடம்பு தேறிச்சு, ஆசை தேறல" என்று அதன் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருப்பாய். கறிக்கடைக்காரர் கேட்டும் கொடுக்கவில்லை.

அந்த ஆடும் போய் எவ்வளவோ காலம் கழித்து, தாம்பரத்து ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தாய். யாரையும் உனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்க்கா."

"நல்லா இறுக்கிக் கட்டு. கூப்புடுது பாரு."

எது கூப்பிடுகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய் என்றுதான் பயந்தேன்.

நீ போன பிறகு உன் ஆடுகள் என்னிடம்தான் இருக்கின்றன, அக்கா. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து கூப்பிடுகிறேன். அது திரும்பி என் முகத்தைப் பார்க்கும்வரை எழுந்திருப்பதில்லை.