பாட்டு விட்டுப் போகிற இடம்

14 டிசம்பர் 2025, ஞாயிறு

தோற்றுவிட்டோம். அதுவும் செம்மேட்டுக்காரர்களிடம். வளப்பூர் நாட்டுக் கபடி அணி, சொந்தத் தரையில், நம் சனமே சுற்றி நிற்க, பதினோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. எழுதினால்தான் வயிற்றெரிச்சல் அடங்கும்.

முதலில் மேனேஜர் அண்ணாமலை அண்ணன். எந்த ஏழு பேரை இறக்குவது என்பது அவர் கையில். மிளகைக் கையில் அள்ளினாலே பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுகிற மனுசர், ஆள் பொறுக்கும்போது மட்டும் கோட்டை விடுகிறார். ரைட் கார்னரில் வேல்முருகனாம்! கார்னரில் நிற்பவன் பாடி வருகிறவனின் காலைப் பார்க்க வேண்டும். வேல்முருகன் கூட்டத்தைப் பார்க்கிறான், யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று. அங்கே பாதி புள்ளி போயிற்று.

மாதேஸ்வரனை வெளியே உட்கார வைத்துத் தண்ணீர் பாட்டில் தூக்க விட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று வயசு, பாடிப் போனால் கையில் சிக்காத ஆள். கேட்டால், ‘அவனுக்கு அனுபவம் பத்தாது அம்மிணி’ என்கிறார் அண்ணன். உட்கார வைத்தால் அனுபவம் எங்கிருந்து வரும்? பெஞ்சிலா முளைக்கும்?

அடுத்தது கேப்டன். ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் பாட்டு விட்டால் அவுட். இன்று கேப்டன் மூன்று முறை பாட்டு விட்டதாக நடுவர் விசில் ஊதினார். கூட்டம் முழுக்க நடுவரைத் திட்டியது. ‘காது செவிடாய்யா?’ என்று நானும்தான் கத்தினேன். ஆனால் கத்தும்போதே எனக்குத் தெரியும், நடுவர் ஊதியது சரி.

கேப்டன் என் வீட்டுக்காரர். பெயர் தனபால். வயது முப்பத்தெட்டு.

15 டிசம்பர்

ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரைட் கார்னரைப் பற்றி நாலு வரி போட்டேன். ‘குழம்பு அடிப்பிடிக்குது, போய்ப் பாருங்க அக்கா’ என்று பதில் வந்திருக்கிறது. சிரிக்கிற பொம்மை வேறு, பதினாறு பேர்.

19 டிசம்பர், வெள்ளி

முள்ளுக்குறிச்சியில் பொங்கல் கபடி. நோட்டீஸ் வந்துவிட்டது. இந்த வருசம் அறுபத்தைந்து கிலோ ஆட்டம். ஆட்டக்காரர் யாரும் அதற்கு மேல் இருக்கக் கூடாது.

இவர் அறுபத்தொன்பது. ராத்திரி களியைத் தொடவில்லை. ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். “எடை பாக்க இன்னும் மூணு வாரம் இருக்குதுல்ல. எறக்கிப் போடலாம் புள்ள” என்றார், ஏதோ மூட்டை இறக்குகிற மாதிரி.

முள்ளுக்குறிச்சி எங்களுக்கு லேசான ஊர் இல்லை. நான் இவரை முதலில் பார்த்ததே அங்கேதான். மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டு அணியில் நாலு பேர் இவரை அமுக்கிப் பிடித்திருக்க, மண்ணோடு மண்ணாக ஊர்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டார். அதுவரைக்கும் பாட்டு விடவில்லை. எத்தனை நீளப் பாட்டு! எனக்கு அவர் முகம்கூட அப்போது சரியாகத் தெரியவில்லை. குரலைத்தான் கேட்டேன். அப்பாவிடம், ‘கட்டினா இவரத்தான்’ என்று சொல்ல எனக்கு அதற்கப்புறம் ஒரு மாசம் ஆனது.

24 டிசம்பர்

மிளகுத் தோட்டத்தில் தனியாகப் பாடிப் பழகுகிறார். நான் கீழே ஓடையில் துணி அலசிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. கபடி கபடி கபடி... அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. மறுபடி கபடி. அந்த இடைவெளியில் கள்ளத்தனமாக ஒரு மூச்சு இழுக்கிறார்.

எல்லாரும் அவர் காலைத்தான் பார்க்கிறார்கள். கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டு விட்டுப் போகிற இடம் எனக்கு மட்டும் கேட்கிறது. பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் இல்லையா? போன மழைக்காலத்தில் அவர் மார்புச்சளியில் கிடந்து எழுந்த பிறகுதான் இது. அதற்கப்புறம் அந்த மூச்சு பழையபடி திரும்பவே இல்லை.

ஒரு ரசிகையாக என் கருத்து என்னவென்று யாராவது கேட்டால்? யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் சொல்வேன்: ஏழு பேரில் தனபால் வேண்டாம். மாதேஸ்வரன் பாடட்டும்.

எழுதிவிட்டேன்.

28 டிசம்பர், ஞாயிறு

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். “ஏனுங்க, இந்தத் தடவ மாதேஸ்வரன முன்னாடி உட்டுப் பாத்தா என்னங்க?”

“எனக்கு அப்புறமா?”

“உங்களுக்குப் பதிலா.”

அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். தட்டில் இருந்ததே ஒரு பிடி சாமைச் சோறு.

அத்தை சென்னம்மாள் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். “ஊரே எம்பையன் ஆட்டத்தப் பாக்க வருது. உனக்கு மட்டும் ஏன் கண்ணு பொறுக்கல?” என்றார். பொறுக்காமலா பதின்மூன்று வருசமாக ஒரு ஆட்டம் விடாமல் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறேன்?

3 ஜனவரி 2026, சனி

இன்று பயந்துவிட்டேன்.

தோட்டத்திலிருந்து மேட்டில் ஏறி வரும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து... நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். சட்டைக்குள் விலா எலும்பு கையில் தட்டுகிறது. வெறும் வயித்துல ஓடியிருக்கார். தண்ணிகூட அளந்து அளந்து குடிக்கிறாராம். எவனாச்சும் இப்படிப் பண்ணுவானா? கப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நீ நல்லா இருந்தாப் போதும்னு கத்திட்டேன்.

“அண்ணாமலைகிட்டச் சொல்லிப் போடாத” என்றார். அதுதான் அவர் சொன்ன ஒரே வார்த்தை.

9 ஜனவரி, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கிறார்கள். எங்கே? சோளக்காடு ஊரில், நான் பார்த்துக்கொள்கிற நம் கொள்முதல் கடையில். மிளகு மூட்டையும் வாழைத்தாரும் நிறுக்கிற பெரிய எலக்ட்ரானிக் தராசு இந்தப் பக்கத்தில் நம்மிடம்தானே இருக்கிறது. ஆளை நிறுக்கவும் அதுதான்.

தராசை எனக்குத் தெரியும். கொஞ்சம் சாய்வாக வைத்தால் போதும், காட்டுவது மாறிவிடும். பட்டனை அமுக்குகிற நேரத்தில் விரலைத் தட்டில் வைத்தால்கூடப் போதும். அரைக் கிலோ கூடக் காட்டினால் இவர் ஆட முடியாது. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. எடை கூடிவிட்டது, அவ்வளவுதான். வீட்டிலும் சண்டை இல்லை.

இதுவரை ஒரு மலைக்காரரின் மிளகில் கால் கிலோ அடித்ததில்லை நான். வீட்டுக்காரரிடம் அடிக்கலாமா?

நல்லதுக்குத்தானே!

தூக்கம் வரவில்லை.

11 ஜனவரி, ஞாயிறு

காலையில் தராசைத் துடைத்து, மட்டம் பார்த்து வைத்தேன். கையை எடுத்துவிட்டேன். தொடவில்லை.

ஒவ்வொருவராக ஏறினார்கள். வேல்முருகன் ஏறும்போதும் கூட்டத்தைத்தான் பார்த்தான். மாதேஸ்வரன் அறுபத்து மூன்று. கடைசியாக இவர். சட்டையைக் கழற்றிவிட்டு ஏறினார். அறுபத்து நாலு எண்ணூறு. பையன்கள் விசில் அடித்தார்கள். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஜெயித்துவிட்ட சிரிப்பு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அண்ணாமலை அண்ணனும் சிரித்துக்கொண்டே வழக்கம்போலச் சீண்டினார். “என்ன அம்மிணி, வாட்ஸ்அப்புல மட்டும் அணி போடறீங்க. இப்பச் சொல்லுங்க பாக்கலாம், யாரு யார எறக்கலாம்?”

கேட்டுவிட்டார். பதின்மூன்று வருசத்தில் முதல்முறையாக ஒரு ஆள் கேட்டுவிட்டார்.

நான் சொல்ல வேண்டியதைத் தராசின் வாயால் சொல்ல வைக்கப் பார்த்தவள் நான். தராசு சொல்லாது. அது அறுபத்து நாலு எண்ணூறு என்று உள்ளதைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

“மாதேஸ்வரன் பாடட்டுங்கண்ணா. இவரு உக்காரட்டும். இவருக்குப் பாட்டு தாங்கறதில்லீங்க. நெஞ்சுல மூச்சு இல்ல. செம்மேட்டு ஆட்டத்துல நடுவர் ஊதுனது சரிதானுங்க.”

ரோட்டில் பஸ் வந்து நின்று, ஆள் இறங்கி, கிளம்பிப் போனது.

இவர் சட்டையை மாட்டினார். பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டே ரோட்டில் இறங்கி நடந்துவிட்டார்.

அண்ணாமலை அண்ணன் போகும்போது மெதுவாகச் சொன்னார், “எனக்கும் தெரியுமுங்க அம்மிணி. வாய் வரல.” தெரியுமாம். தெரிந்துகொண்டே ஆளைப் பட்டினி போட்டிருக்கிறார். அவரைத் திட்டவும் எனக்கு அப்போது தெம்பில்லை.

12 ஜனவரி

பேசவில்லை.

13 ஜனவரி

பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. இப்போது எடைக்காக இல்லை, என் மேல் இருக்கிற கோபத்தில்.

15 ஜனவரி, பொங்கல்

மகள் பானுமதி ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். “அம்மாகிட்டத் தண்ணி கேளு கண்ணு”, “அப்பாகிட்ட வேட்டி எங்கேன்னு கேளு” என்று காலையிலிருந்து அவள் வழியாகத்தான் பேச்சு. பொங்கல் பொங்கி வழியும்போது அவளுக்கே பொறுமை போய்விட்டது. “நான் என்ன போஸ்ட்மேனா? நேராப் பேசிக்குங்க!”

இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவர் மாட்டைக் குளிப்பாட்டப் போய்விட்டார்.

சபையில் வைத்துச் சொன்னதுதான் தப்பா? வீட்டில் சொன்னேனே, காதில் வாங்கினாரா? வாங்கவில்லைதான். இருந்தாலும் இருபது பேர் முன்னால், சட்டையில்லாமல் நின்ற ஆளை... அது நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கே கூசுகிறது. சொன்னது சரி. சொன்ன இடம் சரியில்லை. இரண்டும் என்னுடையதுதான்.

16 ஜனவரி

அணி முடிவாகிவிட்டது. பாட மாதேஸ்வரன். தனபால் மாற்று ஆள், பெஞ்சில். ரைட் கார்னரில் அதே வேல்முருகன்! ஒரு பாதிதான் காதில் ஏறியிருக்கிறது அண்ணனுக்கு.

இவர் போக மாட்டார் என்று நினைத்தேன். இல்லை. சாயங்காலம் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

18 ஜனவரி, ஞாயிறு, முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்து

இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தோம். வளப்பூர் நாடு இறுதிக்கு வந்து எத்தனை வருசம்! மாதேஸ்வரன் அப்படிப் பாடினான். இவர் பெஞ்சில் முழங்கையை முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் எதிர்ப்பக்கம், பெண்கள் கூட்டத்தில். ஆட்டத்தைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் கழுத்து வலித்தது.

கடைசி நிமிசம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். கடைசிப் பாட்டு நம்முடையது. மாதேஸ்வரனுக்கு முட்டியில் அடி, நொண்டுகிறான். அண்ணாமலை அண்ணன் பெஞ்சுப் பக்கம் ஓடினார். நம் கூட்டம், “தனபாலு! தனபாலு!” என்று கத்தத் தொடங்கியது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எழுந்திருக்க வேண்டாம் என்று வேண்டினேனா, எழுந்திருக்கட்டும் என்று வேண்டினேனா, சத்தியமாகத் தெரியவில்லை.

எழுந்தார். கோட்டுக்கு வந்தார். மாதேஸ்வரன் பக்கத்தில் குனிந்து, அவன் முட்டியைக் கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, முதுகில் தட்டினார். அப்புறம் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாதேஸ்வரன் போனான். தொட்டுவிட்டான், தொட்டது எனக்குத் தெரிந்தது. திரும்பும்போது அந்த முட்டி மடங்கிவிட்டது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது பிடித்துவிட்டார்கள். முடிந்தது.

பஸ்ஸில் ஒருத்தரும் என் பக்கம் உட்காரவில்லை. பின்னாலிருந்து யாரோ, “தனபாலு எறங்கியிருந்தா கப்பு நம்முளுது. பொம்பள பேச்சக் கேட்டு...” என்றார். வளைவுக்கு வளைவு அதே பேச்சு. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

முன் சீட்டிலிருந்து இவர் குரல் வந்தது. திரும்பாமலே சொன்னார். “நான் எறங்கியிருந்தா பாதி தூரத்துல பாட்டு உட்டிருப்பேன். அவன் ஒரு சாண் வரைக்கும் வந்தான்ல? பேச்ச உடுங்கப்பா.”

விட்டார்கள். நான் அழுதேன். இருட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

20 ஜனவரி, செவ்வாய்

நேற்று ராத்திரி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மொச்சைக் குழம்பு தீர்ந்துபோய், அத்தைக்கும் எனக்கும் மறுபடி உலை வைக்க வேண்டியதாயிற்று. அத்தை வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

இன்று மத்தியானம் கடைக்கு வந்தார். வியாபாரம் இல்லாத நேரம். கூடையிலிருந்து கமலா ஆரஞ்சு எடுத்துத் தராசுத் தட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஏழு பழம், ஆட்டக்காரர்கள் நிற்கிற வரிசையில்.

“இது மாதேசு. இது வேல்முருகன்” என்று ரைட் கார்னர் பழத்தைத் தொட்டார்.

“அங்க அவன் வேண்டாமுங்க. நடுவுல போடுங்க” என்று நான் நகர்த்தினேன்.

“ஏ புள்ள, பதினெட்டு வருசம் ஆடியிருக்கேன். எனக்கே சொல்லித்தாரியா?”

“ஆடுனாப் போதுமுங்களா? பாக்கத் தெரிய வேண்டாமா? இனிமேத்தான நீங்க பாக்கவே போறீங்க.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் கூடையிலிருந்து எட்டாவதாக ஒன்று எடுத்தார். அதை எங்கேயும் வைக்கவில்லை.

“அது யாருங்க?”

“நானு” என்றார். உரித்தார். பாதியை என்னிடம் நீட்டினார்.

நல்ல புளிப்பு. இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றோம். ரைட் கார்னர் இன்னும் முடிவாகவில்லை.