குஞ்சு இல்லாத ஜாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம்.

ஆய்வகத்தில் சின்னதாக ஒன்று நடந்தது, பயப்பட வேண்டாம். குளத்து நீரில் லேசாக உப்புக் கலந்து, கடுகளவு நீர்ப்பூச்சிகளை வளர்க்கிறோம். நான்கு நாளில் ஒன்றுகூடச் சாகவில்லை. "கொஞ்சம் உப்பு ஒண்ணும் செய்யாதுப்பா" என்று அன்றுதான் உங்களிடம் அடித்துச் சொன்னேன். அதை நம்பித்தானே வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷினைக் கழுவி வரும் உப்புத் தண்ணீரை நம் குளத்துக்குத் திருப்பினீர்கள்?

நேற்று இருபத்தோராம் நாள். தாய்ப்பூச்சிகள் எல்லாம் துள்ளுகின்றன, ஒரு குஞ்சுகூட இல்லை. மூன்று முறை எண்ணினேன். உப்பில்லாத ஜாடியில் குஞ்சுகள் மொய்க்கின்றன.

"சாகலைன்னு பாத்தே, சரி. பெத்துச்சான்னு பாத்தியா?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

போனில் சொல்ல வாய் வரவில்லை. குழாயை உடனே மாற்றிவிடுங்கள். குளப்படியில் நத்தை முட்டை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். என் பழைய போர்வையை அனுப்புங்கள். பதிலை நீளமாக எழுதுங்கள். இங்கே நான் பேசுவது இந்தப் பூச்சிகளோடுதான்.

தீனி போட நேரமாயிற்று. மேலே நலம் என்று எழுதினேனே, அதையும் இந்தப் பூச்சிகளின் நான்காம் நாள் கணக்கிலேயே வையுங்கள்.

உங்கள் மகன்