தம்பியின் மரபணு

அப்பாவுக்கு,

கடைசி வருடத் தனி ஆய்வுக்குத் திட்டம் எழுதுகிறேன். பன்னிரண்டு வாரம், ஒரு கணினி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மரபணுத் தரவு. தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை நோயை எடுத்திருக்கிறேன்.

"ஏன் பிள்ளை இது?" என்று ஆய்வை மேற்பார்க்கும் சேர் கேட்டார்.

"சின்ன மரபணு, லேசா முடிக்கலாம் சேர்" என்றேன்.

தம்பிக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றியதைச் சொல்லவில்லை. அவனுடைய செத்தவீட்டில் அம்மாவைப் பார்த்து, "உன்ர ரத்தத்தாலதான் என்ர பிள்ளை போனவன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் எங்களை விட்டு இறங்கிப் போனதையும் சொல்லவில்லை.

திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது: இந்த நோய்க்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வரவேண்டும். அம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போனா.

தர்மபுரத்தில் உங்களுக்கு மகன் பிறந்திருக்கிறானாம். அந்தப் பிள்ளை எப்போதாவது வெளிறிப்போனால், அவனுடைய தாயை ஏச முன்னர் உங்கள் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முதல் வீட்டு மகள்