ரஃபியின் இரண்டாவது கடை

14 மார்ச் 2004, ஞாயிறு

ஆபீசில் பால் விலையை முன்கூட்டியே கணிக்கும் என் வேலையை இதுவரை கேலி செய்துவந்த ரஃபி, இன்று கல்மண்டபத்தில் தன் டீக்கடையில் என்னை உட்காரவைத்துக் கேட்டான்.

"யானைக்கவுனில இன்னொரு கடை பாத்துக்கீறேன் மாமு. பால் விலை ஏறுமா?"

"பழைய விலையெல்லாம் போட்டுப் பாத்தேன். இந்தக் கோடையில நல்லாவே ஏறும்னு வருது. இப்ப வேணாம்டா."

அவன் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான்.

"சின்ன வயசுல பால் பூத் கியூல நின்னோமே, ஞாபகம் கீதா? வண்டி வருமா வராதான்னே தெரியாது. நின்னுகினுதான இருந்தோம்?"

மார்கழிப் பனியில் இருவரும் ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றோம். அந்தத் துண்டின் ஈர வாசனைகூட நினைவுக்கு வந்தது. அதற்குமேல் தடுக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டான். இன்றுதான் முதல்முறையாக, என் கணக்கு பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.