திருப்பித் தராத சாக்ஸ்

இதை எழுதும்போது அறை முழுக்கத் தைல வாசனை. இரண்டு முழங்காலிலும் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இந்த வயசுல தரையில தவழ்ந்தா பின்ன என்ன ஆவும்?" என்று கேட்டுவிட்டு, தைல பாட்டிலை மேசைமேல் வைத்துப் போனாள் என் மனைவி. ஏன் தவழ்ந்தேன் என்பது உனக்குத்தான் முழுதாகப் புரியும்.

உன் மகள் அமலிக்கு இன்று காலையில் இண்டர்வியூ. சென்னையில் இருக்கும் கம்பெனி. லேப்டாப்பிலேயே பார்த்துப் பேசிவிடுகிறார்கள். வரதராசன்பேட்டையில் சிக்னல் நிற்கவில்லை என்று முதல் பஸ்ஸில் கிளம்பி, பெரம்பலூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதற்கு முன் நான்கு இடத்தில் பேசி, நான்கிலும் பதில் வரவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடிவைச் சாயங்காலத்துக்குள் சொல்கிறார்களாம். இப்போது மணி மூன்று. எதிரில் இருக்கும் போன் பேசாமல் கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

அவள் போட்டிருந்த கறுப்புக் கோட்டு கல்லூரித் தோழியுடையது. தோழி கொஞ்சம் பெரிய உடம்புக்காரி போலிருக்கிறது. முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முதுகில் இழுத்துப் பிடித்து நான்கு ஊக்கு. கோட்டுக்குக் கீழே, பஸ்ஸில் போட்டு வந்த அதே மஞ்சள் சுடிதார் பேண்ட்.

"கீழ ஏம்மா இப்படி?" என்றேன்.

"கோட்டோட பேண்ட் எனக்கு நிக்கல மாமா. கேமராவுல இடுப்புக்கு மேலதான் வரும். கீழ இருக்கறத யாரு பாக்கப் போறா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வாக்கியம். நான் உன்னிடம் சொன்னது.

நினைவிருக்கிறதா? பி.எட். முடித்த கையோடு, அரியலூரில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலைக்கு நாம் இருவரும் விண்ணப்பித்தோம். இடம் ஒன்றுதான். என்னிடம் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது, ஷூ இல்லை. ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலையில் வாட்ச்மேனாக இருந்த உன் மாமாவின் ஷூவை நீதான் வாங்கி வந்தாய். தையல் ஓட்டையெல்லாம் சிமெண்டுத் தூள் இறங்கிக் கெட்டிப்பட்டிருந்தது. கோணி ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினாய். எனக்கு அது இரண்டு அளவு பெரிது. முனையில் பேப்பரைச் சுருட்டி அடைத்துக்கொண்டேன்.

"மாப்ள, புதுசா ஒரு சாக்ஸ் வாங்கிக்கடா. பஸ் ஸ்டாண்டுலயே விக்கிறான்" என்றாய். கையில் இருந்த காசைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுத்திருந்தேன். அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். "ஷூக்குள்ள இருக்கறத யாருடா பாக்கப் போறா?"

பஸ்ஸில் நீ எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தாய். உதாரணம் சொல்லும் பழக்கம் எனக்கு உன்னிடமிருந்து தொற்றியதுதான். பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். "பத்து முறுக்கு இருக்கு, பஸ்ல ஒரு ஆளும் இல்ல. ஆளுக்கு எத்தனைன்னு பசங்களக் கேளு. கேள்வியே தப்பு சார்னு அவனே சொல்லுவான்" என்றாய். முன் சீட்டு அம்மாள் திரும்பி, "முறுக்கு எங்க தம்பி?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

தாளாளர் அறை வாசலில் பியூன் கையை நீட்டி மறித்தார். "உள்ள சாமி படம் இருக்கு. ஷூவ வெளியில வுட்டுட்டுப் போங்க."

கழற்றினேன். சாக்ஸிலிருந்து கட்டைவிரல் முழுதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் பேப்பர் மையின் கறை வேறு. என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நீ பெஞ்சில் உட்கார்ந்தாய். உன் புது சாக்ஸை உருவி என் கையில் திணித்தாய். "போடுறா சீக்கிரம். வந்து குடு, நான் போட்டுக்கறேன்."

உள்ளே அந்தப் பூஜ்யக் கேள்வியே வந்தது, உன் முறுக்கைத்தான் பதிலாகச் சொன்னேன். ஆனால் அந்த அறைக்கு இரண்டு கதவு இருந்தது. என்னைப் பக்கவாட்டுக் கதவு வழியாக அனுப்பினார்கள். நான் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடி வருவதற்குள் நீ உள்ளே போயிருந்தாய். கரிசல் மண்ணில் நடந்து பித்தவெடிப்பு கண்ட அந்த வெறுங்காலோடு. உன் சாக்ஸோடு நான் வராந்தாவில் நின்றேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அதிலேயே இருந்து ஓய்வு பெற்று, இன்று ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறேன். நீ டியூட்டோரியல், பிறகு ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு தனியார் பள்ளி என்று கடைசிவரை நின்றே பாடம் எடுத்தாய். அதில் ஓய்வூதியம் ஏது? எத்தனையோ தடவை உன்னைக் கேட்டுவிட்டேன், காலைப் பார்த்தார்களா என்று. ஒவ்வொரு தடவையும் சிரித்தாய். "சாக்ஸ பாத்தாடா வேல குடுப்பான்? அதே பூஜ்யக் கேள்விதான் கேட்டான். முறுக்க நீ தின்னுட்டுப் போயிட்ட. எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல." உனக்கா சொல்ல இருந்திருக்காது? உன்னிடம் நூறு உதாரணம் இருக்கும். நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னாய் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

காலையில் அமலியிடம் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. அழைப்பு வந்துவிட்டது. நான் கேமராவில் விழாதபடி கதவோரம் நின்றேன். நன்றாகத்தான் பேசினாள். உன்னைப் போலவே கையை விரித்து ஏதோ உதாரணம் சொன்னாள். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், அசல் மதிப்பெண் சான்றிதழைக் காட்டச் சொன்னது.

ஃபைல் கூடத்து நாற்காலியில் இருந்தது.

எழுந்தால் மஞ்சள் பேண்ட் தெரியும். திரும்பினால் நான்கு ஊக்கும் தெரியும். அமலி, "ஒன் மினிட் மேடம்" என்றாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் ஓரமாக என் பக்கம் வந்தது. நான் பார்த்தது உன் கண். நான் போய் ஃபைலை எடுத்தேன். குனிந்து போனால் தலை தெரியும் என்று தோன்றியது. உட்கார்ந்தேன், கையை ஊன்றினேன், ஃபைலைத் தரையில் தள்ளிக்கொண்டே தவழ்ந்தேன். மேசைக்கு அடியில் அவள் கை கீழே வந்து காத்திருந்தது. விரல் ஐஸ் மாதிரி இருந்தது. சான்றிதழ் மேலே போனது. திரும்பிப் போகத் தைரியமில்லாமல் பேச்சு முடியும்வரை மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன், அவள் பாதத்துக்குப் பக்கத்தில். வெறுங்கால்தான். உன் கால் மாதிரியே இரண்டாவது விரல் நீளம்.

முடிந்ததும் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு கோட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள். தோழிக்கு நாளை இண்டர்வியூவாம்.

இவ்வளவு எழுதி முடிக்கும்போது போன் வந்தது. பஸ் இரைச்சலுக்கு நடுவில் கத்தினாள். "மாமா, அடுத்த ரவுண்டுக்கு எடுத்துருக்காங்க! திருச்சிக்கு நேர்ல வரச் சொல்றாங்க!"

"நேர்லயா?" என்றேன்.

"ஆமா. இந்த வாட்டி முழுசா போட்டுக்கிட்டுப் போறேன். நீங்க தவழ வேணாம்." பிறகு, "துணைக்கு மட்டும் வாங்க மாமா" என்றாள்.

போகிறேன். நல்லபடி முடியும்வரை எனக்குப் பயம்தான். அவளுக்குக் கோட்டும் பேண்டும் அளவாகத் தைக்கக் கொடுக்க வேண்டும். ஷூ வாங்க வேண்டும். சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கி ஒன்றை என் பையில் வைத்துக்கொள்வேன். உன்னுடையதை அன்றே துவைத்துக் கொண்டுவந்தேன். "வச்சுக்கடா, அடுத்த இண்டர்வியூக்கு ஆவும்" என்று நீ வாங்கவில்லை. எனக்கு அடுத்த இண்டர்வியூவே வரவில்லை. ரப்பர் இற்றுப்போய் பீரோவில் கிடக்கிறது. இன்றும் எந்த வாசலில் செருப்பைக் கழற்றினாலும், உள்ளே போகுமுன் ஒருமுறை குனிந்து என் கட்டைவிரலைப் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம், நீ நிற்கிறாயா என்று திரும்பி பெஞ்சைப் பார்க்கிறேன்.