புரதம் இல்லை என்று வரவேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பிரேக்கை மிதியுங்கள் என்றால் என் பக்கம் திரும்பி, "எதுக்கு மேடம்?" என்கிறார். என் காலடியில் இன்னொரு பிரேக் இல்லாவிட்டால் இரண்டு பேரும் பேப்பரில் வந்திருப்போம்.

மாலை தம்பியைப் பார்க்கப் போனேன். டயாலிசிஸ் முடிந்து வெளுத்துப்போய்க் கிடந்தான். "இன்னொரு தடவை யோசிச்சுக்கோக்கா" என்றான். "கிட்னி என்னுது. யோசிச்சாச்சு. வாயை மூடிட்டுப் படு" என்றேன்.

ரத்தம் பொருந்திவிட்டது. எடையைக் குறைக்கச் சொன்னார்கள், ஜனவரியிலிருந்து விடியற்காலையில் மைதானத்தில் ஓடுகிறேன். பாக்கி சிறுநீர்ப் பரிசோதனை மட்டும்தான். அதெல்லாம் ஒரு விஷயமா?

மார்ச் 7, வெள்ளி

விஷயம்தான். என் சிறுநீரில் ஆல்புமின் இருக்கிறதாம். புரதம். கிட்னி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: அது ரத்தத்தில் இருக்கவேண்டிய சரக்கு, நல்ல கிட்னி அதை வெளியே விடாது. வெளியே வந்தால் வடிகட்டி பழுதாகத் தொடங்கியிருக்கலாம். "அப்படி இருந்தா உங்ககிட்டேர்ந்து எடுக்க மாட்டோம். ரெண்டும் உங்களுக்கே வேணும்."

இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம். எனக்கா? தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லையே நான்!

மார்ச் 8, சனி

இன்று முதல் ஓட்டம் இரண்டு மடங்கு. உப்பு பாதி. பார்த்துவிடலாம் ஒரு கை.

மார்ச் 15, சனி

தம்பிக்கு நெஞ்சு வலி. பாடத்தை நடுவில் விட்டுவிட்டு, மாணவியையும் பின்சீட்டில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பாவம், அந்தப் பெண் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர், "ட்ரோபோனின் அதிகமா இருக்கு" என்றார். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதமாம் அது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதயம் கெட்டிருந்தால் ஆபரேஷனே கிடையாது என்று தெரியும். எத்தனை புரதம்டா சாமி எங்கள் குடும்பத்துக்கு?

பிறகு டாக்டரம்மா வந்தார். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அது எப்போதுமே கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்குமாம். ஒரு நம்பரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஏறவில்லை. ஈ.சி.ஜி.யிலும் புதிதாக ஒன்றுமில்லை. இதயம் தப்பித்தது.

"பயந்துட்டியாக்கா?" என்று சிரிக்கிறான். "இன்னொரு தடவை இப்படிப் பண்ணே, நானே கொன்னுடுவேன்" என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

கூடியிருக்கிறது. குறையவில்லை, கூடியிருக்கிறது! போன தடவையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலையில் மூச்சு முட்ட ஓடிவிட்டுத்தானே போனேன். இன்னும் என்னதான் செய்யணும் நான்? கடைசியாக ஒரு தடவை பார்ப்பார்கள், அதிலும் இருந்தால் அவ்வளவுதான்.

தம்பியிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, உன்னை அறுக்கவேண்டாம்" என்று சிரித்தான். பளார் என்று ஒன்று விடலாம் போல் இருந்தது. எனக்கு அவனை விட்டால் கூடப்பிறந்தவர் யார் இருக்கிறார்கள்? இவனுக்குச் சிரிப்பு வருகிறது.

வீட்டில் இவர் அதற்கு மேல். "உன் உடம்பு உனக்குப் பெரிசா இல்லாம இருக்கலாம், எனக்குப் பெரிசு" என்றார். போய்க் காரில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 3, வியாழன்

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்கலாமா என்றும் தெரியவில்லை.

இன்று கடைசிப் பரிசோதனை. நேரமாகிவிட்டதால் மைதானத்திலிருந்து அப்படியே, வேர்க்க விறுவிறுக்க, ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் சிறுநீர் டப்பாவோடு வராந்தாவில் டாக்டரம்மாவுக்கு எதிரில் மாட்டினேன்.

"என்னம்மா, வெளியில மழையா?"

"இல்லை டாக்டர், ஓடிட்டு வர்றேன்."

"டெஸ்டுக்கு முன்னாடியா?"

"தினமும்தான். டெஸ்ட் அன்னைக்கு ரெண்டு சுத்து கூட. உடம்பு சுத்தமா இருக்கணும்ல?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஐயோ, ஐயோ" என்று சிரித்தார். கடுமையாக ஓடினால் நல்ல கிட்னியிலிருந்துகூடப் புரதம் இறங்குமாம். ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் நின்றுவிடுமாம். "நாங்க கேட்டிருக்கணும், எங்க தப்பு" என்று சொல்லி, டப்பாவை வாங்கிக் குப்பையில் போட்டார். மூன்று நாள் அசையக்கூடாது. நான்காம் நாள் முழுக்கச் சேரும் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

"நம்பலாமா டாக்டர்?"

"நம்பலாம். சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க."

ஏப்ரல் 5, சனி

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை! இவர் என்னைக் காவல் காக்கிறார். தண்ணீர் எடுக்க எழுந்தால்கூட, "உட்காரு, உட்காரு" என்கிறார். பைத்தியம் பிடித்துவிடும் எனக்கு.

ஏப்ரல் 7, திங்கள்

கேனைக் குளிர்ச்சியில் வைக்கவேண்டும் என்றார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தேன். இவர் கையில் டம்ளரோடு நிற்கிறார்.

"ஆப்பிள் ஜூஸ் எப்போ வாங்கினே?"

நான் போட்ட சத்தத்தில் டம்ளர் கீழே விழுந்தது. நல்லவேளை, கேன் விழவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இல்லை! புரதம் இல்லை! இயல்பான அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட இல்லை. டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றேனாம், இவர் சொல்கிறார்.

தம்பியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "முடியாதுன்னு வந்தப்போ சிரிச்சேன்ல? நீ போனதும் அழுதேன்க்கா. நான் வாழணும்" என்றான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன, மடப்பயல்.

மே 19, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். பயமாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மே 23, வெள்ளி

சிரித்தால் தையல் இழுக்கிறது. இவருக்கு ஜோக் அடிக்கத் தடை போட்டிருக்கிறேன்.

மே 28, புதன்

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. தம்பி இன்னும் அங்கேதான். நேற்று அவனுக்குச் சிறுநீர் போக வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். காலையிலேயே போன் அடித்தான், ஒரே கோபம்.

"உன் கிட்னிக்கு அறிவே இல்லக்கா. ராத்திரி முழுக்க எழுப்பி எழுப்பி விடுது. கண்ணு மூட விடல."

டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அவனுக்குச் சிறுநீர் குறைந்துகொண்டே வந்து, போன வருஷம் அடியோடு நின்றுபோயிருந்தது. "அது என்னை மாதிரி, சும்மா இருக்காது" என்று சொல்லி முடிப்பதற்குள், "இரு இரு, மறுபடி வருது" என்று போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினான். செருப்புச் சத்தம் கேட்டது. கதவுச் சத்தம் கேட்டது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

இவர் வந்து பார்த்துப் பதறிவிட்டார். "என்னாச்சு? ஏன் அழறே? போன்ல யாரு?"

"தம்பி. ஒண்ணுக்குப் போயிருக்கான்" என்றேன்.