சந்தேகத்தில் கழற்றிய இன்ஜின்

மார்ச் 3, ஞாயிறு

வண்டி மறுபடியும் புகை விடுகிறது. பின்னால் வந்தவர் இருமிக்கொண்டே முந்திப் போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

வீட்டுக்கு வந்ததும் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே. மெக்கானிக் ஆயில் மாற்றிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. எங்கே போகும்? ஊற்றியிருந்தால்தானே இருக்கும். வழக்கம்போல நானே கொஞ்சம் ஊற்றினேன். நாலு மாதமாக இதே கதை.

ஆயிலில் கை வைக்கிறவன் பிஸ்டனில் வைக்க மாட்டானா? போன சர்வீஸுக்கு இரண்டு நாள் வைத்திருந்தான். என் ஒரிஜினல் பிஸ்டனை உருவிவிட்டுத் தேய்ந்ததைச் செருக அரை நாள் போதாதா?

மார்ச் 5

சாப்பாட்டு வேளையில் ஆலையில் மெக்கானிக்கின் திருட்டைச் சொன்னேன். எட்டுப் பேர் கேட்டார்கள். ஸ்டோர்கீப்பர் டிபன் டப்பாவை மூடிவிட்டார். "யோவ், என் வண்டியும் அவர்கிட்டதானய்யா விடறேன்!"

சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். கேட்க ஆள் இருந்தது, நீட்டிவிட்டேன்.

மார்ச் 9, சனி

நானே திறந்து பார்ப்பது என்று முடிவு. கையும் களவுமாகப் பிடிக்க வேறு வழி?

மனைவி: "ஏங்க, மிக்ஸியக் கழட்டினது ஞாபகம் இருக்கா?"

"அது வேற."

"வேறதான். அதுல மூணு ஸ்குரூதான் மிச்சம் வந்துச்சு."

முதலில் ஆயிலை வடித்தேன். ஒரு லிட்டர் பிடிக்கிற இன்ஜின். அளந்தால் ஒன்றரை லிட்டருக்குக் கிட்டே வருகிறது! குறைவாக ஊற்றுகிறவன் பார்த்த வண்டியில் கூடுதலாக எப்படி? எதையோ கலந்திருக்கிறான். முகர்ந்து பார்த்தேன். ஆயில் வாசனைதான் வந்தது. அவ்வளவு கெட்டிக்காரன்.

மார்ச் 10, ஞாயிறு

முன்வாசலில் பழைய பெட்ஷீட்டை விரித்து, ஒவ்வொரு நட்டையும் கழற்றின வரிசையிலேயே வைத்து, பக்கத்தில் சாக்பீஸால் நம்பர். மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, போஸ்ட்மார்ட்டமா?" என்றாள். நர்ஸிங் படிக்கிற பிள்ளை, வேறென்ன கேட்பாள்.

இன்ஜினின் மேல்மூடி, அந்த ஹெட், அசையவில்லை. மரச்சுத்தியால் தட்டித் தட்டித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தது. சுரண்டவே மத்தியானம் போய்விட்டது.

சாயங்காலம் மெக்கானிக் நம் தெரு வழியாகப் போனான். வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு!

மார்ச் 11

ஆலையில் மூன்று பேர் வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்களாம். ஸ்டோர்கீப்பர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 12

பெருமை ஒரு நாள் தாங்கவில்லை.

அந்த கேஸ்கெட்டை நினைத்தேன். போன சர்வீஸில் பிரித்திருந்தால் அப்படி ஒட்டியிருக்குமா? நட்டுகளில் பழைய ஸ்பானர் தழும்பு ஒன்றுகூடக் கிடையாது. பிஸ்டனைத் துடைத்துப் பார்த்தால் வண்டிக் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருக்கிறது. நான் வாங்கின நாளிலிருந்து இந்த இன்ஜினை ஒருத்தரும் திறக்கவில்லை. திறந்த முதல் ஆள் நான்தான்.

அப்புறம் புகை எங்கிருந்து?

மகள் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வந்தாள். பதினோரு வருஷத்தில் நான் பிரிக்காத புத்தகம். "அப்பா, ஆயில் பாக்கும்போது வண்டி நேரா நிக்கணும்னு போட்டிருக்கு. நீங்க சைடு ஸ்டாண்டுல போட்டுத்தானே பாப்பீங்க?"

முதுகுவலிக்காரன், மெயின் ஸ்டாண்ட் எவன் போடுவான்? வண்டி இடது பக்கம் சாய்ந்தால் ஆயிலும் அங்கே ஓடிவிடும். வலது பக்கக் குச்சி காய்ந்துதான் வரும். நான் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். இருந்த இடம் போதாமல் அது ஏர் ஃபில்டர் வரைக்கும் ஏறி, எரிந்து, புகையாய் வந்திருக்கிறது. ஃபில்டரைப் பிழிந்தேன். ஆயில் சொட்டுது.

என்னடா பண்ணி வச்சிருக்கே? எட்டுப் பேர்கிட்ட, வாய் கூசாம—

"மெக்கானிக் பொண்டாட்டி எங்கிட்ட நல்லாத்தான் பேசுவா," என்றாள் மனைவி. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 17, ஞாயிறு

கரி சுரண்டி, புது கேஸ்கெட் போட்டு, உள்ளே ஓடும் டைமிங் சங்கிலியின் குறிகளை மூன்று தடவை சரிபார்த்து மாட்டிவிட்டேன். ஏழாவது உதையில் கிளம்பியது. புகை இல்லை. மகள் கை தட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18

அதே சாப்பாட்டு வேளை, அதே எட்டுப் பேர். சொன்னேன். இந்தத் தடவை நீட்டவில்லை. ஸ்டோர்கீப்பர், "அப்ப திருடன் நீதானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 19

மெக்கானிக் கடைக்குப் போனேன். ஏதோ வண்டிக்கு பிரேக் மாட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"தெரியும். அன்னைக்கு உங்க தெருவுல வந்தது, வாசல்ல நிறுத்தி, ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்கலாம்னுதான். ஹெட்டு கழண்டு கிடந்துச்சு. சரி, அவரே பாத்துக்கட்டும்னு போயிட்டேன்."

"மன்னிச்சிடு தம்பி."

"பரவால்ல சார். வண்டிய இனி நீங்களே பாத்துக்கங்க."

பதினோரு வருஷமாக 'அண்ணே'. இன்றைக்கு 'சார்'.

மார்ச் 24

செயினுக்கு கிரீஸ் போட்டேன். நானே.

ஏப்ரல் 2

போன மூன்று பேரும் பழையபடி அவரிடமே விடுகிறார்கள். காலையில் ஸ்டோர்கீப்பர் சொன்னார்: "உன் மெக்கானிக் கேட்கச் சொன்னாரு. ஹெட்ட மாட்டினப்புறம் வால்வ் சத்தம் வருதான்னு."

"வரலைன்னு சொல்லுங்க," என்றேன்.

வருகிறது. லேசாக, டிக் டிக்கென்று, ஒரு வாரமாக.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஸ்டோருக்கு ஓடினேன். "அண்ணே, வருதுன்னு சொல்லுங்க."